ஏட்டுச் சுரைக்காயும் பதினெட்டு மீட்டர் ஆழமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைப் போல் ஆசிரியர்களைச் சீண்டும் பழமொழி தமிழில் வேறில்லை. வகுப்பறையில் கற்பது வாழ்க்கைக்கு ஆகாது என்று சொல்ல வருபவர் எவரும் முதலில் கையிலெடுப்பது அதைத்தான். அண்மையில் ஜவளகிரித் தேநீர்க் கடை ஒன்றில் அது மீண்டும் நம் காதில் விழுந்தது. கைபேசியில் பாடம் படித்து ஸ்கூபா என்னும் கடலடி நீச்சலைக் கற்றுக்கொள்ள முனைந்திருந்த ஓர் இளைஞரைப் பற்றிய பேச்சு அது. கேட்டவர் அனைவரும் சிரித்தனர். சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. எனினும், இந்த ஒரு துறையில் அப்பழமொழி பொய்த்துப்போகிறது என்பதும், அதை நம்பியவர்கள் உயிரையும் உடலையும் இழந்திருக்கிறார்கள் என்பதும் நம் உறுதியான எண்ணம். அதை விளக்கவே இக்கட்டுரை.

ஜவளகிரியை அறியாத அன்பர்களுக்காக ஒரு சொல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டூர் இது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் வரும். இரவெல்லாம் பரண்மீது காவலிருப்பார்கள். காலையில் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் பேருந்துகள் புறப்படும். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் ஓர் இரவுப் பயணத் தொலைவு. இங்குள்ள இளைஞருக்குக் கடலடி நீச்சல் எதற்கு என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஆசைக்கு எல்லைக்கல் நட முடியுமா? ஆலையில் கைநிறைய இல்லாவிட்டாலும் ஓரளவு ஊதியம் பெறும் இளைஞர்கள், பெங்களூரு நண்பர்களோடு சேர்ந்து முருடேஸ்வரத்துக்கு அப்பால் உள்ள நேத்ராணித் தீவுக்கும், புதுச்சேரிக்கும், அந்தமானுக்கும் செல்கின்றனர். மேலே சொன்ன இளைஞர் நம்மிடம் தமிழ் பயின்றவர். பாடத்தில் வந்த ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் கேட்டு நம்மிடம் வந்தார். அப்படித்தான், குளத்தில் இடுப்பளவு நீருக்கு மேல் இறங்கியறியாத நாமும் அப்பாடங்களை முழுதும் படிக்க நேர்ந்தது.

இந்தப் பயிற்சியின் கட்டமைப்பு எளிது. உலகெங்கும் பரவியுள்ள பயிற்சி அமைப்புகளுள் பெரியதான பேடி 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. வேறு அமைப்புகளும் உண்டு. அடிப்படைப் பாடம் ஏறத்தாழ ஒன்றே. முதலில் கோட்பாடு. அடுத்து நீச்சல் குளத்திலோ குளம்போல் அமைதியான நீரிலோ பயிற்சி. இறுதியில் திறந்த கடலில் நான்கு முறை மூழ்குதல். பத்து வயது நிரம்பியவர் சேரலாம். இருநூறு மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தேறினால், துணைவர் ஒருவருடன் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். (நம் நாளிதழ்கள் இதனை ‘ஆழ்கடல் நீச்சல்’ என்று எழுதுகின்றன. பதினெட்டு மீட்டர் என்பது ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். ஆழ்கடல் என்ற சொல்லை இதற்குச் செலவிட்டுவிட்டால் உண்மையான ஆழ்கடலுக்கு என்ன சொல் மிஞ்சும்?) முன்னர் கோட்பாட்டுப் பகுதி வகுப்பறையிலும் தடித்த நூலிலும் நிகழ்ந்தது. கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது பெரும்பாலும் இணையத்துக்கு மாறிவிட்டது. காணொலி, படம், ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் வினாக்கள், முடிவில் ஒரு தேர்வு. காட்டூரில் இருந்துகொண்டே மூன்றில் ஒரு பங்கு பயிற்சியை முடித்துவிடலாம். எஞ்சியவற்றுக்குத்தான் நீர் வேண்டும்.

நீரில்லா ஊரில் படிக்கும் இந்த மூன்றிலொரு பங்கு ஏன் இன்றியமையாதது என்பதை, கடலையே முற்றமாகக் கொண்டு வாழ்ந்தவர்களை வைத்துத்தான் விளக்க வேண்டும்.

தமிழர்க்கு மூழ்குதல் புதிதன்று. பரதவர் கடலில் மூழ்கி வலம்புரி எடுத்துக் கொற்கைத் துறைக்குத் திரும்பும் காட்சி அகநானூற்றில் உண்டு. முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961 வரை நடந்தது. பிறகு சிப்பி இல்லாமையால் நின்றது. சங்குகுளிப்பு இன்றும் நடக்கிறது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனிநூலே எழுதினார். கொற்கை முத்தைப் பற்றி நாம் எழுதிக் குவித்த ஆய்வேடுகள் ஓர் அறையை நிறைக்கும். அந்த முத்தை எடுத்தவன் நுரையீரலைப் பற்றி எத்தனை ஏடுகள் உள்ளன என்று நம் துறையினர் ஒருகால் எண்ணிப் பார்க்கலாம்.

பழைய முறையில் மூழ்குபவர் மேலே ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு, கல்லின் எடையால் விரைந்து கீழிறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பியோ சங்கோ சேகரித்துவிட்டுக் கயிற்றின் துணையால் மேலே வருவார். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குகிறாரோ அவ்வளவு திறமை. தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுவே. கீழே போகப் போக நீரின் அழுத்தத்தால் நுரையீரலில் உள்ள காற்று சுருங்கும்; மேலே வரும்போது அதே காற்று பழைய அளவுக்கு விரியும். மேலே இழுத்த அளவுக்குமேல் அது விரிய வழியில்லை. ஆகவே மூச்சை அடக்கியபடி மேலேறுவதில், அந்த வகையில், தீங்கில்லை.

இப்போது அதே மனிதருக்கு ஒரு காற்றுருளையைக் கொடுங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இருமடங்கு. அந்த ஆழத்தில் உருளையிலிருந்து அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் இருமடங்கு அடர்ந்த காற்று. நுரையீரல் நிறைய அதை வாங்கிக்கொண்டு, பரம்பரை வழக்கப்படி மூச்சை அடக்கி மேலே வந்தால், ஆறு லிட்டர் காற்று பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும். விரிய இடமில்லை. நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழ் குருதியில் புகுந்து, மூளைக்குச் சென்று அடைக்கும். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. நீச்சல் குளத்தின் ஆழமே போதும். இணையப் பாடத்தின் தலையாய விதி இதுதான்: உருளைக் காற்றைச் சுவாசிக்கும்போது ஒருகாலும் மூச்சை அடக்காதே.

ஆயிரம் ஆண்டு அனுபவம் எதை முதல் திறமை என்று போற்றியதோ, கருவி மாறிய அன்றே அது முதல் ஆபத்தாகிவிட்டது. இதனை அனுபவத்தால் கற்றுக்கொள்ள இயலாது, ஏனெனில் அந்த அனுபவம் ஒருமுறைதான் கிடைக்கும். சமையலில் உப்புக் கூடினால் மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். மிதிவண்டியிலிருந்து விழுந்தால் முழங்கால் தேறும். சுரைக்காய்ப் பழமொழி அத்தகைய கல்விகளுக்குப் பொருந்தும். இங்கே ஏடுதான் முதலில் வர வேண்டும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் சூழ்ச்சியானது. கோலிசோடாவை உடைத்தவர் அனைவரும் அதைக் கண்டிருக்கிறோம். புட்டிக்குள் அழுத்தத்தில் கரைந்திருக்கும் வளி, கோலியை அழுத்தியதும் குமிழ்களாகப் பொங்கி வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்தோறும் அது உடலின் திசுக்களில் கரைந்து சேரும். மெல்ல ஏறினால் மூச்சு வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் உடலே கோலிசோடாவாகிவிடும். மூட்டுகளில் தாங்கொணா வலி, கைகால் மரத்துப்போதல், தண்டுவடம் பாதிக்கப்பட்டால் இடுப்புக்குக் கீழ் செயலிழத்தல். கொடுமை என்னவென்றால், மேலே வந்து படகில் ஏறி, வெற்றிலை போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இது தொடங்கும். கடலை விட்டு வெளியே வந்த பிறகு வரும் நோயைக் கடலின்மேல் எப்படிச் சந்தேகிப்பது? வாதம் என்பார்கள், காற்றுக் கருப்பு என்பார்கள்.

இந்நோயை உலகம் முதலில் பெருமளவில் கண்டது கடலில்கூட அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலங்களுக்கு அடித்தளம் தோண்ட, ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளுக்குள் கூலித் தொழிலாளர்களை இறக்கினார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் வலியால் சுருண்டனர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இந்நோய்க்கு ஆளாகி, 1883இல் பாலம் திறக்கப்படும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளிருந்தே பணியை மேற்பார்த்தார். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்து ஆராய்ந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி நின்று நின்று ஏற வேண்டும் என்னும் அட்டவணையைத் தம் உடனாய்வாளர் இருவருடன் 1908இல் வெளியிட்டார். இன்று மூழ்குபவர் மணிக்கட்டில் கட்டும் கணினி அந்த அட்டவணையின் கொள்ளுப்பேரன். நிமிடத்துக்கு ஒன்பது அல்லது பத்து மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறு, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று ஏறு என்று இணையப் பாடம் சொல்வதெல்லாம் அந்தக் கூலித் தொழிலாளரும் அந்த ஆடுகளும் பட்ட பாட்டின் விளைச்சல். ஆலைத் தொழிலாளர் வாழும் எல்லைப்புறத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கையில் மனம் சற்றுக் கனத்தது உண்மை.

ஏடு இல்லாமல் கருவி மட்டும் வந்தால் என்ன நேரும் என்பதற்கு நடு அமெரிக்காவின் மிஸ்கிட்டோ மக்களே சான்று. ஹோண்டுராஸ், நிக்கராகுவா கடற்கரைகளில் கல் இறால் எடுக்கும் தொழிலுக்காக அப்பழங்குடி இளைஞர்களிடம் உருளையைக் கொடுத்தார்கள், பயிற்சியைக் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்குப் பல உருளைகள், பெரும் ஆழங்கள், கணக்கற்ற ஏற்ற இறக்கங்கள். சிற்றூர்கள்தோறும் சக்கர நாற்காலிகள் பெருகின. அவர்களுள் 42 பேர் தொடர்பான வழக்கில், அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்டு இறுதியில் ஹோண்டுராஸ் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மன்னார் வளைகுடாப் பகுதியிலும் சங்குகுளிப்பவர் பலர் காலப்போக்கில் உருளைக்கும், படகிலிருந்து குழாய்வழிக் காற்றனுப்பும் கம்ப்ரசருக்கும் மாறினர். மேலேறிய பின் முடங்கியவர்களையும் இறந்தவர்களையும் பற்றிச் செய்தித்தாளின் உள்பக்கங்களில் அவ்வப்போது நான்கு வரி வருகிறது. அவ்வளவே.

சம்மாட்டி எண்ணுவது சங்கின் எண்ணிக்கையைத்தான். நின்று நின்று ஏறும் நிமிடங்களுக்குக் கூலி இல்லை. அப்படியிருக்க, பாடம் படித்து என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. வறுமை தள்ளுகிற இடத்தில் அறிவு மட்டும் தடுத்து நிறுத்திவிடும் என்று நாமும் நம்பவில்லை. ஆயினும், இன்னொரு முறை இறங்க மாட்டேன் என்று மறுப்பதற்கு ஒருவருக்கு முதலில் காரணம் தெரிந்திருக்க வேண்டும். மறுத்தவரை மற்றவர் கோழை என்று எள்ளாதிருக்க, அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முடங்கியவரை மந்திரிக்க அழைத்துச் செல்வதற்கும், உயிர்வளி கொடுத்து அழுத்த அறைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதற்கும் இடையே உள்ள தூரம் அந்தச் சில பக்கப் பாடந்தான்.

அந்தப் பாடம் நம்மவர்க்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்பதே நம் மனக்குறை. நம் பகுதி இளைஞர்கள் படிப்பது ஆங்கிலத்தில். நம் மாணவர் முதலில் கொண்டுவந்து காட்டியது பாடத்தைக்கூட அன்று. அதற்கு முன் நிரப்ப வேண்டிய உடல்நலப் படிவத்தை. ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, காதில் அறுவை நடந்ததா, நெஞ்சுவலி உண்டா என்று கேட்கும் படிவம் அது. ஏதேனும் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவர் பார்த்து ஒப்பமிட வேண்டும். உடன் சேர்ந்த நண்பர்கள் அனைத்துக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிட்டார்களாம். படித்தார்களா என்று கேட்டோம். “ஐயா, படிச்சாப் புரியாது, ‘இல்லை’ன்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்னாங்க” என்றார். கேலிபோல் இருக்கிறது. ஆனால் மூச்சிரைப்பு உள்ள ஒருவரின் நுரையீரலில் எங்கோ காற்று சிக்கிக்கொண்டால், மூச்சை அடக்காமலே ஏறினாலும் அது விரிந்து கிழிக்கலாம் என்பதால்தான் அந்தக் கேள்வி அங்கே இருக்கிறது.

வினாக்களின் நிலையும் அதுவே. நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட வேண்டும். தவறினால் மறுபடி தொடலாம். மனனம் செய்து எழுதும் பழைய தேர்வை நாம் குறைகூறிய காலம் உண்டு. பொருள் புரியாமலே சரியான விடையைத் தொட்டுவிடும் இந்தத் திறமைக்கு முன் மனனம் எவ்வளவோ மேல். மனனம் செய்தவனுக்குச் சொற்களாவது நெஞ்சில் தங்கும். நேர்மையான பயிற்றுநர்கள் குளத்தில் இறங்குமுன் மாணவரை உட்காரவைத்து வாய்மொழியாக மீண்டும் கேட்கிறார்கள். கூட்டம் மிகுந்த விடுமுறை நாளில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை வாய்க்கும் என்பது வேறு.

நம் மாணவர் தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்தவர். பாயில் விதியையும் ஹென்றி விதியையும் பாடநூலில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார். அழுத்தம் கூடினால் பருமன் குறையும், அழுத்தம் கூடினால் நீர்மத்தில் வளி மிகுதியாகக் கரையும் என்று தமிழில் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். போதாக்குறைக்கு ஆலையில் அவருக்குப் பணியே கம்ப்ரசரோடும் அழுத்தமானியோடும்தான். கடலடிப் பாடத்தின் இயற்பியல் முழுவதும் அவருக்கு முன்பே தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆங்கில வாக்கியம் அதை மறைத்துக்கொண்டு நின்றது. “இது நம்ம பாயில் விதிதானே!” என்று அவர் சொன்ன கணத்துக்குப் பின் நம்மிடம் அவர் கேட்ட ஐயங்கள் பெரிதும் குறைந்துவிட்டன. (உருளையில் 200 பார் அழுத்தம் இருக்கும், 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்று பாடம் சொல்கிறது. தூத்துக்குடிக் கடலோர வழக்கில் பார் என்றால் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டு. தொளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. இரு பார்களும் ஒரே வாக்கியத்தில் வரும் பாடநூலை ஒரு தமிழன்தான் எழுத முடியும்.)

மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது என்பதற்கு நம் மண்ணே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. மூழ்கிய பிறகு உடனே வானூர்தியில் ஏறக் கூடாது என்று பாடம் எச்சரிக்கிறது. உயரே போகும்போது காற்றழுத்தம் குறையும். உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜன் குமிழாகும். பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதலின்படி, ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். இதைப் படிக்கும் ஓசூர்க்காரர், “நமக்கேது விமானம்? நாம் பேருந்தில்தானே போகிறோம்” என்று அந்தப் பக்கத்தைக் கடந்துவிடுவார். ஆனால் அந்த வழிகாட்டுதல் கணக்கில் கொள்ளும் உயரம் 2000 அடியில், அதாவது ஏறத்தாழ 600 மீட்டரில், தொடங்குகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜவளகிரியும் தளியும் அதே மேட்டு நிலந்தான். பெங்களூருவும் அப்படியே.

எண்ணிப் பாருங்கள். நேத்ராணியில் காலையில் இருமுறை மூழ்கிவிட்டு, முருடேஸ்வரத்தில் மீன் சாப்பாடு உண்டு, மாலையில் பெங்களூருப் பேருந்தில் ஏறிப் படுத்துவிட்டால், நள்ளிரவுக்குள் வண்டி மேற்குத் தொடர்ச்சி மலை ஏறிவிடும். புதுச்சேரியிலிருந்து இருசக்கர வண்டியில் திரும்புபவர் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி கடந்து இரவு உணவுக்கு ஓசூர் வந்துவிடுவார். நண்பகலில் கடலைவிட்டு வந்த உடலுக்குப் பத்து மணி நேரம் ஆவதற்குள் 900 மீட்டர் ஏற்றம்! மறுநாள் காலை தோள் வலித்தால், வண்டி ஓட்டிய அசதி என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆலைக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை முதல் வேலைநேரத்துக்கு வந்தாக வேண்டுமே. நம் மாணவர் ஒரு நாள் விடுப்புக் கேட்டு வாங்கினார், ஞாயிறு இரவும் கடற்கரையிலேயே தங்க. காரணத்தை மேற்பார்வையாளரிடம் எப்படி விளக்கினார் என்று நாம் கேட்கவில்லை.

கரையோரம் வாழ்வோருக்காக எழுதப்பட்ட பாடத்தில் இந்தப் பேருந்து வராது. தமிழில் எழுதினாலும், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், விமானம் மட்டுமே வரும். ஓசூர், கோவை, நீலகிரி, ஏற்காடு என்று மேட்டு நிலத்திலிருந்து கடலுக்குப் போய்த் திரும்புவோர் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் உளர். ஒவ்வோர் ஊரின் உயரத்தையும் ஓர் அட்டவணையாகப் போட்டு, திரும்பும் நேரத்தைக் கணக்கிடச் சொல்லும் ஒரு பயிற்சி, நம்மவர் எழுதும் பாடத்தில்தான் இடம்பெறும். (கோவை 400 மீட்டர்தானே என்று குறுக்கிடும் அன்பருக்கு: பாலக்காட்டுக் கணவாய் வழி வந்தால் சரி, உதகைக்குப் போகாமல் இருப்பாரா?)

அப்படியொரு பாடத்தை யார் எழுதுவது? இணையவழித் தமிழ்க் கல்விக்கென்றே 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்கள் நாம். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் ஒன்றும் 2012 முதல் இருக்கிறது. பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1968க்குள் அச்சில் முடித்துக் காட்டிய மொழிக்கு, சில மணி நேரப் பாடம் ஒன்று பெரிய சுமையன்று. சான்றிதழ் வழங்கும் வணிகம் அந்தந்த அமைப்புகளிடமே இருக்கட்டும். கடலில் இறங்கிப் பழகுவதற்கும் பயிற்றுநர் இன்றி வழியில்லை. மூச்சு, அழுத்தம், குமிழ், ஏறும் வேகம், மேட்டு நிலம், முதலுதவி ஆகியவற்றைப் பற்றிய அறிவு மட்டுமாவது கட்டணமின்றி, தமிழில், கைபேசியில் கேட்கும் ஒலியாகவும் கிடைக்க வேண்டும். எழுத்து வாசிக்காத சங்குகுளியாளருக்கும் செவி உண்டு.

எழுதுங்கால் நம் துறையினரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தமிழாசிரியரிடம் இப்பணியை ஒப்படைத்தால் முதலாண்டு முழுவதும் கலைச்சொல்லாக்கத்தில் கழியும். ‘தன்னிறைவு நீரடிச் சுவாசக் கருவி’ என்று ஸ்கூபாவுக்கு ஒரு தொடரைச் செய்து, அதற்கு ஒரு விருதும் வழங்கிவிடுவோம். சிலிண்டரைச் சிலிண்டர் என்றே கடற்கரை சொல்கிறது. நாம் உருளை என்று எழுதியது பழக்கதோஷம். முக்குளித்தல், குளித்தல், மூழ்குதல் என்று ஏற்கெனவே நம்மிடம் உள்ள வினைகளுக்குள்ளேயே நுண்ணிய வேறுபாடுகள் இருக்கின்றன. நீரின் கலங்கல், ஓட்டம், காற்றின் திசை, கடலடியின் தன்மை ஆகியவற்றுக்குக் கடலோர மக்களிடம் உள்ள சொற்செல்வத்துக்கு, 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’யைப் புரட்டினால் ஓரளவு அளவு தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதுவதே முறை. அவர்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் சொல்லாலேயே அவர்களுக்குச் சொல்வது.

தலையாய விதியையே எடுத்துக்கொள்வோம். நாம் முதலில் எழுதிப் பார்த்தது, ‘சுவாசத்தை ஒருபோதும் நிறுத்தி வைக்காதீர்’. பிழையில்லை, உயிருமில்லை. ‘மூச்சை அடக்காதே’ என்று எழுதினோம். மூச்சடக்கம் நம் மரபில் சித்தர் முதல் முத்துக்குளிப்பவர் வரை பெருமைக்குரிய சொல். கேட்பவர் மனம் ஏற்கத் தயங்கும். மாணவரிடம் காட்டினோம். “தம் கட்டாதே-ன்னு போடுங்கய்யா” என்றார். இலக்கண ஆசிரியர் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு அதையே எழுதினோம். ‘தம் கட்டாதே, விட்டு விட்டு மூச்சு வாங்கு, மெல்ல ஏறு, பாதியில் நில், பிறகு வா.’ தூத்துக்குடியிலும் இராமேசுவரத்திலும் வேறு சொல் இருக்கக் கூடும். அறிந்த அன்பர்கள் எழுதினால் திருத்திக்கொள்கிறோம்.